காரணம் எழுதும் கட்டம்

என் நோட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு. தேதி, காலை, மதியம், பஃப் எத்தனை தடவை, காரணம். பன்னிரண்டு வருடமாக இதே ஐந்துதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடுத்த வாரத்துப் பக்கத்தைத் தயார் செய்துவிடுவேன்.

காலை, மதியம் என்ற கட்டங்களில் எழுதுவது ஓர் எண். அதைத் தருவது ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய். நேராக நின்று, மூச்சை முழுக்க இழுத்து, குழாயின் வாயை உதட்டால் கவ்வி ஒரே ஊதாக ஊத வேண்டும். மேலே நீளமாக ஒரு பிளவு இருக்கும். அதில் ஒரு சிவப்பு முள் நகர்ந்து போய் ஓரிடத்தில் நிற்கும். நின்ற இடம்தான் என் மூச்சின் பலம். என்னுடைய நல்ல நாளில் 380. முந்நூறும் அதற்கு மேலும் பச்சை, கீழே மஞ்சள். இருநூறுக்குக் கீழே போனால் சிவப்பு, யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

ஐந்தாவது கட்டம் நானாகச் சேர்த்தது. எண் ஏன் குறைந்தது என்று எழுதாமல் விட எனக்கு மனம் வராது. 'கரும்புச் சருகு எரிப்பு.' 'பக்கத்து வீட்டில் பெயிண்ட்.' 'கோவிலில் தூபம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தும்.' அந்தக் கட்டம் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருக்கிறேன். மாற்றுச் சான்றிதழ், பெயர்ப் பட்டியல், ஆசிரியர்களின் பணிப்பதிவேடு எல்லாம் என் பொறுப்பு. காலை பாசஞ்சரில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். விக்கிரவாண்டியைத் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒரு வயலில் புகை நிற்கும். பேரணி ஸ்டேஷனில் ரயில் நின்றால் அந்தப் புகை நிதானமாகப் பெட்டிக்குள் ஏறி எங்களோடு உட்காரும். நான் முகக்கவசத்தை மாட்டி, பையிலிருந்து, மூச்சு மருந்தை வாய்க்குள் அடித்துக்கொள்ளும் நீலப் பஃப்பை எடுப்பேன். உடனே எதிர் சீட்டுப் பெண் ஆரம்பிப்பாள். திண்டிவனத்தில் துணிக்கடையில் வேலை செய்பவள்.

"இன்னாக்கா, இன்னும் அந்தப் பம்பை அடிச்சிக்கினுதான் கீறீங்களா? அது பழகிடுங்க்கா. அப்புறம் உடவே முடியாது."

"மூச்சு விடறதும் பழகிடுச்சும்மா. அதையும் விட முடியல."

பெட்டியே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அடுத்த வாரம் முதல் எழுத்திலிருந்து மறுபடி அதையே சொல்வாள். நோய்க்கு மருந்து உண்டு. இந்தப் 'பழகிடும்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் மருந்தே கிடையாது. என் மாமியார் வீட்டில் சொன்னார்கள், மருந்துக்கடைக்காரர் சொன்னார், பணிப்பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்த ஒரு தமிழாசிரியர் இலக்கணச் சுத்தமாகச் சொன்னார். ஆஸ்துமா என்ற சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'வீசிங்' என்பார்கள், 'டஸ்ட் அலர்ஜி' என்பார்கள். ஏதோ விருந்தாளி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவது மாதிரி.

போனும் அப்படித்தான். காற்றின் தரத்தைக் காட்டும் செயலியில் என் ஊரைப் போட்டால், பச்சை நிறத்தில் ஒரு சிரித்த முகம் வருகிறது. நான் தேடியவரை எங்கள் தெருவுக்குக் கிட்டத்தில் காற்றை அளக்கும் நிலையம் எதுவும் இல்லை. எங்கேயோ அளந்ததை வைத்து எனக்குச் சிரித்துக் காட்டுகிறார்கள். வாசலில் நான்குவழிச் சாலைத் தூசி கதவுயரத்துக்கு நிற்கும்போதும் அந்த முகம் சிரிக்கும். அதை அழித்துவிட்டேன். என் குழாயை மட்டும்தான் நம்பினேன்.

போன அக்டோபரில், ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள், கல்வி அலுவலகத்தில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்குப் பள்ளிக்குத் திரும்பினேன். அலுவலகத்தில் பூஜை முடிந்திருந்தது. மணி, கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷின், பீரோச் சாவிக்கொத்து எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். என் மேசைமேல் வாழையிலை விரித்து, அதில் ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின், ஸ்கேல் வரிசையாக இருந்தன. கடைசியில் என் குழாய். மதிய அளவு எடுத்ததும் பைக்குள் வைக்க மறந்து போயிருக்கிறேன். அதன்மேலும் ஒரு பொட்டு, சரியாகப் பிளவின் நடுவில்.

வைத்தவர் எங்கள் ஆயாம்மா. நாற்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் துடைப்பம் பிடித்தால் ஆயாம்மாதான். கையில் பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தார்.

"உங்க ஆயுதத்தையும் உட்டுடாம வெச்சிட்டேன் மேடம். நீங்க பாட்டுக்கு மறந்துட்டுப் பூட்டீங்க. இது இல்லாட்டி நீங்க ஏது, இந்த ஆபீசு ஏது?"

கோபப்பட முடியவில்லை. எங்கள் வீட்டில் இந்தப் பூஜை கிடையாது என்று தெரிந்தும், என்னை விட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நன்றி சொல்லிவிட்டு, கைக்குட்டையை நனைத்துக் குழாயை அழுத்தித் துடைத்தேன். ஒரு முறைக்கு மூன்று முறை. ஒரு துளி மஞ்சள்கூடத் தெரியாதபடி துடைத்து, ஈரம் காய வைத்து, உறையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

மறுநாள் காலை 300. அதற்கடுத்த நாள் 290. அந்த வாரக் கடைசியில் 270.

சாதாரணமாக என் எண் இப்படிப் படி இறங்காது. ஒரே நாளில் விழும், இரண்டு நாளில் எழுந்துவிடும். இது இறங்கியது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? காரணம் எழுதினேன். முதல் இரண்டு வாரம் 'சாலைப் பணித் தூசி'. மூன்றாவது வாரம் 'தீபாவளிப் பட்டாசு'. நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்து, ஊரைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்த ஒரு காலையில், நெஞ்சு லேசாக இருப்பதாக எனக்கே தோன்றிய காலையில், ஊதினால் 265. ஒரு நிமிடம் குழாயைப் பார்த்தேன். பிறகு 'ஈரம்' என்று எழுதினேன். மார்கழிப் பனி வந்ததும் 'பனி'. அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒன்பது நாள் வீட்டிலேயே இருந்தேன், அப்போதும் 260, 265. எதிர் வீட்டில் வைக்கோல் இறக்கியிருந்தார்கள். 'வைக்கோல்' என்று எழுதினேன். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

இதில் பெரிய தொல்லை என் கணவர் நோட்டைப் படிக்க ஆரம்பித்ததுதான். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கோவிலில் ஞாயிறு வாசகம் வாசிப்பவர். காபி ஆறும்வரை நோட்டை விரித்து அதே குரலில் வாசிப்பார்.

"செவ்வாய். இருநூற்று அறுபது. காரணம், பனி. புதன். இருநூற்று அறுபத்தைந்து. காரணம், பனி மற்றும் ரயிலில் பீடி."

"நோட்டை வைங்க."

"இது நான் எழுதினதா? உன் கையெழுத்து. பச்சையே இல்ல. ரெண்டு மாசமா ஒரு நாள் பச்சை இல்ல. இந்த உடம்பை வெச்சிக்கினு தெனமும் அம்மாந்தூரம் போய்க்கினு வந்துக்கினு இருக்கணுமா?"

"எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"சர்வீஸ் இருக்கு. மூச்சு இருக்குதா?"

விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பப் படிவத்தை அவரே எங்கோ கேட்டு வாங்கி வந்தார். பெயரும் முகவரியும் நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, என் நோட்டின் பின்னட்டைக்குள் செருகி வைத்துவிட்டார். பொங்கல் கழிந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் தீர்மானம்.

நான் வேலையை விடத் தயாராக இல்லை. இதைப் பலரிடம் விளக்க முயன்று தோற்றிருக்கிறேன். ஒரு பிள்ளையின் பிறந்த தேதி சான்றிதழில் ஓர் எழுத்துப் பிசகினால் அவன் முப்பது வருடம் அதோடு அலைவான். என் கையால் போன சான்றிதழ் ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை. உலகத்தில் நான் ஒழுங்காக வைத்திருக்க முடிந்த ஒரே இடம் அந்த இரண்டு பீரோக்கள்தான். அதை விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து என் எண்களை அவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் வாதாடவும் முடியவில்லை. எனக்கு எதிரான சாட்சி முழுவதும் என் கையெழுத்திலேயே இருந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் விழுப்புரத்தில் என் டாக்டரிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுகிற நாள் வந்தது. கணவரும் உடன் வந்தார், நோட்டோடும் படிவத்தோடும். டாக்டர் பத்து வாரப் பக்கங்களையும் புரட்டினார். முகம் மாறியது.

"இது தொடர்ந்து இப்படி இருந்தா ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும்மா. உங்களுக்கு சர்க்கரை வேற எல்லையில நிக்குது."

கணவர் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் அதைத் தொடாமல் ஸ்டெதஸ்கோப்பை மாட்டினார். முதுகில் நாலு இடம், நெஞ்சில் நாலு இடம் வைத்துக் கேட்டார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு மோசமா எனக்குக் கேக்கலையே. இதுல ஊதுங்க." அவருடைய மீட்டரைக் கொடுத்தார்.

ஊதினேன். 335.

"இன்னொரு தடவை."

340.

"சார், உங்க மீட்டர் சரியில்ல," என்றேன்.

சொல்லும்போது எனக்கு வெட்கமே இல்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உண்மையாகவே அவர் மீட்டர் கெட்டுவிட்டது என்று அவருக்காக வருத்தப்பட்டேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பன்னிரண்டு வருஷமா வர்றீங்க. என் மீட்டரை நம்பல, என் காதையும் நம்பல. உங்க நோட்டை மட்டும் நம்புறீங்க. உங்க குழாயைக் குடுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் அதைச் சாய்த்துப் பார்த்தார். முள்ளை விரலால் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். கட்டைவண்டி மாதிரி நகர்ந்தது. ஒரு குண்டூசியை எடுத்துப் பிளவுக்குள் விட்டு நீளமாக இழுத்தார். மேசைக் கண்ணாடிமேல் மஞ்சளும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது. தொட்டு மோந்து பார்த்தார்.

"சந்தனம்."

"எங்க வீட்டுல ஏது சார் சந்தனம்? நாங்க கிறிஸ்டியன்ஸ்," என்றார் என் கணவர், யாரோ பழி சுமத்திவிட்டதுபோல.

எனக்கு அந்த வாழையிலையும் ஸ்டேப்ளரும் கண்முன் வந்து நின்றன. சந்தனத்தை வைத்தது ஆயாம்மா. ஆனால் மேலே பொட்டாக மட்டும் இருந்ததை ஈரக் கைக்குட்டையால் அழுத்தி அழுத்திப் பிளவுக்குள் அனுப்பியது நான். மூன்று முறை. அது உள்ளே காய்ந்து, முள்ளைப் பிடித்துக்கொண்டு, பத்து வாரம் என்னைப் பொய்யாக ஊத வைத்திருக்கிறது. அந்தப் பொய் ஒவ்வொன்றுக்கும் நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் காரணம் கண்டுபிடித்திருக்கிறேன். பனி, ஈரம், வைக்கோல், பீடி. மழையைக்கூட விடவில்லை.

சொன்னேன். டாக்டர் சிரித்தார், கொஞ்ச நேரம் நன்றாகவே சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை.

"அப்போ இவ இருமினதெல்லாம் சந்தனத்துக்கா சார்?" என்று கேட்டார்.

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். நல்ல கேள்வி என்பதுபோல நோட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை எண்களைப் பார்க்கவில்லை, நாலாவது கட்டத்தைப் பார்த்தார்.

"பஃப் எடுத்தது சந்தனம் இல்லையே. இது நீங்க எண்ணி எழுதினது. முன்னாடி வாரத்துக்கு ஒண்ணு, அக்டோபருக்கு அப்புறம் தினம் ஒண்ணு, சில நாள் ரெண்டு." விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். "சனி இல்ல. ஞாயிறு இல்ல. இந்த ஒன்பது நாள் லீவுல ஒண்ணுகூட இல்ல. பள்ளிக்கூடம் இருக்கிற நாள் மட்டும். எத்தனை மணிக்கு எடுப்பீங்க?"

"பத்து மணிக்கு. பத்து, பத்தேகால்."

"பத்து மணிக்கு அங்க என்ன நடக்குது?"

"குப்பை எரிப்பாங்க சார்," என்றேன். என் ஜன்னலுக்குக் கீழேதான் எரியும். தெரியும். ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். வீட்டிலும் அதே எண், பள்ளியிலும் அதே எண் என்று குழாய் சொன்னதால், பள்ளியில் தனியாக ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய் மூச்சைக் காட்டியதோடு, உண்மைக் காரணத்தையும் மறைத்துவிட்டது. ஐந்தாவது கட்டத்தில் ஊரில் உள்ள அத்தனையும் இருந்தது. அந்தக் குப்பை மட்டும் இல்லை.

"பாத்தியா, பள்ளிக்கூடம்தான் காரணம். நான் சொன்னதுதானே?" என்று கணவர் படிவத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

டாக்டர் ஒரு முடிவு சொன்னார். புது மீட்டர் வாங்க வேண்டும். தடுப்பு மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். பதினைந்து நாள் அந்தப் புகை இல்லாமல் இருந்து காட்ட வேண்டும். "பச்சையிலேயே நின்னா வேலைக்குப் போங்க, மாத்திரையும் வேண்டாம். நிக்கலைன்னா, விருப்ப ஓய்வுக்கு நானே மருத்துவச் சான்று எழுதித் தர்றேன்."

புது மீட்டரோடு மறுநாள் பள்ளிக்குப் போனேன். ஆயாம்மா இலையும் காகிதமுமாகக் கூட்டிக் குவித்து, தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இனிமே எரிக்காதீங்க. எனக்கு மூச்சு முட்டுது," என்றேன்.

"அய்யோ மேடம், அதுக்குதான் ஜன்னலைச் சாத்திக்கினு இருந்தீங்களா? நான் வெயில் அடிக்குதுன்னு நெனச்சேன்." தீப்பெட்டியை இடுப்பில் செருகினார். செருகியவர் குவியலைப் பார்த்தார். "சரி, கொளுத்தல. இது எங்க போவும்? எம் மடியிலயா?"

"நகராட்சி வண்டி வருதே."

"வருது. பத்து மணிக்கு வருது. நீங்கதான் ப்ரேயருக்கு முன்னாடி ஒரு குப்பை இருக்கக் கூடாதுன்னுட்டீங்களே."

"நானா?"

என்னை அறிவிப்புப் பலகைக்கு அழைத்துப் போனார். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது போட்ட சுற்றறிக்கை. காலை வழிபாட்டுக்கு முன் வளாகம் குப்பையின்றித் தூய்மையாக இருத்தல் வேண்டும், தவறினால் உரிய நடவடிக்கை. கீழே தலைமையாசிரியர் கையெழுத்து. இடது மூலையில், தட்டச்சு செய்தவரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். என்னுடையவை. அதைப் பிழையில்லாமல், ஓரம் சரியாக விட்டு, இரண்டு பிரதி எடுத்து நானே ஒட்டியிருக்கிறேன்.

"வண்டிக்காரங்க அப்படியே வாங்க மாட்டாங்க மேடம். மக்கறது தனியா, மக்காதது தனியா பிரிச்சிக் குடுக்கணுமாம். ஆயிரம் பசங்க துன்னுட்டுப் போடறதை நான் ஒருத்தி குந்திக்கினு பிரிச்சா சாயந்தரம் ஆயிடும். அதான் எட்டேமுக்காலுக்குக் கொளுத்திடறது. ஜல்தியா முடிஞ்சிடும். பத்து மணி வரைக்கும் பொகஞ்சிக்கினு கெடக்கும், அதுக்கு நான் இன்னா பண்றது?"

தலைமையாசிரியரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, வளாகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். எரிக்காமலும் சுத்தமாக வைக்கலாம் சார் என்றேன். அதெல்லாம் நடைமுறைக்கு வராதும்மா என்றார். திரும்பி வந்து, நானே ஒரு புதுச் சுற்றறிக்கை அடித்தேன். வளாகத்தில் எதையும் எரித்தல் கூடாது, குப்பை மூடிய தொட்டிகளில் இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டு வண்டியில் ஒப்படைக்கப்பட வேண்டும். அன்றைக்குக் கையெழுத்துக்குப் போன தாள்களில் நடுவில் வைத்தேன். எப்போதும்போல அவர் எதையும் படிக்காமல் போட்டார். இருபது வருட அலுவலக வாழ்க்கையில் நான் செய்த ஒரே குறுக்கு வழி அதுதான்.

இரண்டு நாள் கழித்துப் பலகை முன் நின்று, "இது எப்பம்மா போட்டோம்?" என்றார்.

"நீங்கதான் சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"போட்டிருந்தா சரிதான்," என்று போய்விட்டார்.

சுற்றறிக்கை போட்டால் குப்பை தானாகப் பிரியாது. முதல் நாள் எட்டரைக்கே வந்து, முகக்கவசமும் கையுறையும் மாட்டி, ஆயாம்மாவோடு நானும் உட்கார்ந்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல், சிப்ஸ் பாக்கெட், தீர்ந்த ரீஃபில், பாதி கடித்த இட்லி, யாரோ யாருக்கோ எழுதிக் கிழித்த கடிதம். எனக்கு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

"மேடம், மிட்டாய்ப் பேப்பரைக்கூட நீவி அடுக்கறீங்களே, பீரோல வெச்சிப் பூட்டப் போறீங்களா?"

"கையை ஓட்டுங்க. மணி ஒன்பதாகுது."

"நான் ஓட்டிக்கினுதான் கீறேன். நீங்கதான் பேஜார் பண்றீங்க."

அவர் சொன்னது நியாயம். மூன்றாம் நாள், வகுப்புக்கு இரண்டு தொட்டி வைத்து, பிள்ளைகளே பிரித்துப் போடும்படி ஏற்பாடு செய்தோம். பாதிப் பேர் மாற்றிப் போட்டார்கள். ஆனாலும் அரை மணி நேர வேலை பத்து நிமிடமாகியது. சந்தனத்தைப் பற்றி மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எண்கள் 315, 320, 335, 330. பஃப் கட்டத்தில் முதல் வாரம் இரண்டு, பிறகு பூஜ்யம். நான் ஊதும்போது கணவர் பக்கத்தில் வந்து நின்று முள்ளைத் தன் கண்ணாலேயே பார்ப்பார். என் எழுத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. குறை சொல்ல முடியாது.

பதினைந்து நாளுக்குள் போகியும் வந்து தொலைத்தது. எங்கள் தெருவில் அந்த நாள் விடிவதற்குள் பாய், தலையணை, மாட்டுவண்டி டயர், பழைய செருப்பு எல்லாம் எரியும். பனி மேலே மூடிக்கொள்ளும், புகை போக வழியில்லாமல் வாசல் வாசலாக நிற்கும். ஊரை விட்டுப் போகலாம் என்றால் எந்த ஊருக்குப் போவது? எல்லா ஊரிலும் போகிதான். கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்தேன். வெளியே என் கணவரின் குரல் கேட்டது. வாசகம் வாசிக்கும் குரலில் தெருவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"டயரைப் போடாதப்பா. பாயைக் கொளுத்து, துடைப்பத்தைக் கொளுத்து, டயர் வேணாம். உள்ள நோயாளி இருக்காங்க."

"உங்களுக்குத்தான் போகியே கெடையாதே சார்!"

"போகி கிடையாது, மூச்சு உண்டுப்பா!"

ஒரு மணி நேரம் நின்று மூன்று டயர்களை வாங்கி எங்கள் வீட்டுப் பின்பக்கம் உருட்டி வந்துவிட்டார். அவை இப்போதும் அங்கேதான் கிடக்கின்றன, மழைநீர் தேங்கிக் கொசு வளர்க்கின்றன, அது வேறு எரிச்சல். வேலையை விடு என்று என்னிடம் இரண்டு மாதம் மல்லுக்கு நின்றவர் எனக்காகத் தெருவில் நின்றதை நினைத்து நெஞ்சு நெகிழ்ந்தது. அவர் உள்ளே வந்தார். சட்டை, தலைமுடி, மீசை எல்லாம் புகை நாற்றம். என் மூச்சு உடனே பிடித்தது.

"வெளிய போங்க!" என்று கத்தினேன். "குளிச்சிட்டு வாங்க!"

"உனக்காகத்தான்டீ நின்னேன்!"

"தெரியுது. குளிச்சிட்டு வாங்க!"

அன்று காலை 285. அந்த ஒரு நாள்தான் மஞ்சள்.

பொங்கல் விடுமுறை முடிவதற்குள் டாக்டரிடம் போனோம். அவர் மீட்டரில் முதலில் ஊதச் சொன்னார், பிறகு என்னுடையதில். இரண்டும் 340. நோட்டைப் பார்த்தார். போகி நாளைச் சுட்டிக் காட்டி, "அன்னிக்கு ஊர்ல எல்லாருக்குமே மஞ்சள்தான்," என்றார். மாத்திரை வேண்டாம், வேலைக்குப் போகலாம், ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். முழு விடுதலை இல்லை. வாய்தா. கணவர் படிவத்தை மேசையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. நானும் கிழிக்கச் சொல்லவில்லை.

பள்ளி திறந்த அன்று காலை பாசஞ்சரில் போய், பிள்ளைகள் வருவதற்கு முன் அலுவலகத்தைத் திறந்தேன். தொட்டிகள் வரிசையாக இருந்தன. தரையில் ஒரு காகிதம் இல்லை. ஜன்னலைத் திறந்தேன், அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக. கரும்புத்தோகையும் தெர்மோகோலும் கலந்து எரிகிற நாற்றம் உள்ளே வந்தது.

எட்டிப் பார்த்தேன். எங்கள் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம், காலி மனையில், லுங்கி கட்டிய ஒருவர் பொங்கல் கழிவையெல்லாம் ஒரே மலையாகக் குவித்துக் கொளுத்திவிட்டு, குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார்.

முகக்கவசத்தை மாட்டினேன். நீலப் பஃப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். துடைப்பத்தோடு நின்ற ஆயாம்மா என் முகத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார்.

"மேடம், அது நம்ம காம்பவுண்டு இல்ல. அந்தாளு ஒரு மாதிரி."

"பரவாயில்ல."

பத்தடி போயிருப்பேன். பின்னால் துடைப்பம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

"இருங்க மேடம், நானும் வர்றேன். உங்களால கத்த முடியாது. கத்தறதை நான் கத்தறேன், நீங்க பக்கத்துல நின்னு மொறச்சாப் போதும்."